பீடாதிபதியும் ஒரு முழ மண்ணும்

உலகத்தின் பாதுகாப்பு ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பின்னால், தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் வைத்துத்தான் ஆராயப்பட்டது. வாஷிங்டனிலும் மொஸ்கோவிலும் ஆராய்ந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் மெத்தைக் கதிரைகளில் இருந்து ஆராய்ந்தார்கள். நாங்கள் நீட்டு மர வாங்கில் இருந்து ஆராய்ந்தோம். வாங்குக்கு ஒரு கால் கட்டை. ஆகவே எங்கள் ஆராய்ச்சியில் எந்த நேரமும் ஓர் எச்சரிக்கை உணர்வு இருந்தது. மெத்தையில் இருந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

கொட்டிலின் பெயர் ஒளிச்சுடர் கல்வி நிலையம். ஊரில் ரியூட்டரி என்பார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் வந்து, உயர்தரப் பரீட்சைக்கு மறுபடியும் அதே பாடங்களைப் படிக்கிற இடம். நடத்தியவர் ஐசாக் மாஸ்டர். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பித்து, பென்சன் எடுத்து இளைப்பாறியவர். நான் அங்கே பௌதிகம் படிப்பித்தேன். பெயர் பஞ்சலிங்கம். எந்தச் சாமானையும் கழற்றிப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்கு விளக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஆகவே எங்கள் பீடாதிபதி எப்படி வேலை செய்தார் என்பதையும் விளக்கிவிடுகிறேன்.

பீடாதிபதி தில்லைநாதன் எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பை விட்டு, அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர். கொழும்பில் ஒரு தூதரகத்தின் நூலகத்தில் லிகிதராக இருந்தார். பழைய சஞ்சிகைகளைக் கொண்டுபோய் எறியும்படி சொல்வார்கள். அவர் எறியாமல் வீட்டில் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்தார். வீடு எரிந்த அன்று அவர் கையில் அகப்பட்டது அந்தப் பெட்டி மட்டும்தான். திறந்து பார்த்தால் எல்லாம் 'சர்வதேசப் பாதுகாப்பு' பற்றிய சஞ்சிகைகள்.

"வீடு போச்சு, பாதுகாப்பு மிஞ்சிச்சு" என்று ஒருமுறை சொன்னார். எனக்குத் தெரிய அவர் பகிடி விட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அந்தத் துறையை அவர் மிகவும் மரியாதையாக நடத்தினார்.

அந்த நாளில் ரியூட்டரிகளுக்கு இடையிலும் ஒரு பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. சந்திக்கு அந்தப் பக்கம் இருந்த நிலையம் மதில்களிலெல்லாம் விளம்பரம் எழுதியிருந்தது. எங்களிடம் புதுச் சரக்கு எதுவும் இல்லை. ஐசாக் மாஸ்டர் தில்லைநாதனைக் கூப்பிட்டு நேர்முகப் பரீட்சை வைத்தார். நானும் அருகில் இருந்தேன்.

"உமக்கு என்ன தெரியும்?"

"பாதுகாப்பு."

"ஆரின்ரை பாதுகாப்பு?"

"சர்வதேசத்தின்ரை."

ஐசாக் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ளூர்ப் பாதுகாப்புத் தெரியாதோ?"

"அது வேறை துறை, மாஸ்டர்."

இவ்வளவு தெளிவாகத் தன் எல்லையை அறிந்த ஒருவரை விடலாமா? அடுத்த கிழமையே பலகை ஏறியது: 'சர்வதேசப் பாதுகாப்புக் கற்கைகள் பீடம்'. பீடம் என்று ஒன்று வந்தால் அதற்குப் பீடாதிபதி ஒருவர் வேண்டும். இதற்கென்று கூட்டம் கூடியது. ஐசாக் மாஸ்டர் தில்லைநாதனை முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன், தில்லைநாதன் நாகரிகம் கருதி வாக்களிக்காமல் வெளியே போய் வேலியோரம் நின்றார். தெரிவான செய்தியை நாங்கள் போய்ச் சொன்னபோது அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பெரிய பதவிகளுக்குப் பொருத்தமானவர்களை இந்த ஆச்சரியத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம்.

பீடாதிபதியின் விரிவுரைகள் புகழ்பெற்றவை. அரசறிவியல் படிக்க வந்த பிள்ளைகளுக்கு அவர் 'அதிகாரச் சமநிலை', 'தடுப்புக் கோட்பாடு', 'இடைத்தாங்கி வலயம்' எல்லாவற்றையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவார். பீடத்தின் திறமைசாலி மாணவி சீலா. நல்ல கெட்டிக்காரி, வாயும் அதே அளவுக்கு.

"சேர், அமெரிக்கா ரஷ்யாவுக்குக் குண்டு போடாது எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?"

"ரெண்டு பேரிட்டையும் குண்டு கிடக்கு. அதாலை ரெண்டு பேரும் போடமாட்டினம். இதுதான் தடுப்புக் கோட்பாடு."

"எங்களிட்டைக் குண்டு இல்லையே, சேர்."

"அதாலைதான் பிள்ளை எங்களுக்குப் போடுகினம். பார், கோட்பாடு எவ்வளவு திறமா வேலை செய்யுது."

வகுப்பு எழுதிக்கொண்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் போனது. கொழும்பிலிருந்து ரேடியோவுக்குப் பற்றரி வருவதும் தடைசெய்யப்பட்டது. உலக நிலைமை தெரியாமல் உலகப் பாதுகாப்பை எப்படி ஆராய்வது? இங்கேதான் என் பங்கு வருகிறது. ஆகவே வாசகர் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்துங்கள். பின்சில்லு நிலத்தில் முட்டக்கூடாது. சில்லு சுற்ற டைனமோ சுற்றும், டைனமோ சுற்ற மின்சாரம் வரும். ஆனால் அது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு வரும் மின்சாரம். ரேடியோவுக்கு ஒரே பக்கம் ஓடுகிற மின்சாரம்தான் பிடிக்கும். ஆகவே இடையில் ஒரு டயோட்டை வைக்கிறோம். அது வாசற்காவலாளி மாதிரி, போகிறவனை விடும், திரும்பி வருகிறவனை விடாது. இனி மிதிப்பவரின் கால்தான் முக்கியம். ஒரே சீராக மிதித்தால் செய்தி தெளிவாக வரும். களைத்தால் குரல் கரகரக்கும், தேயும், நின்றுபோகும். ஒவ்வொரு மாலையும் வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பை நாங்கள் இப்படித்தான் கேட்டோம். நான் மிதித்தேன், பீடாதிபதி குறிப்பெடுத்தார். என் பதவி 'ஆய்வு வலு வழங்கல் பிரிவுத் தலைவர்'. பேர்லின் சுவர் இருந்த இடத்தில் இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றாகப் போகின்றன என்று கேட்ட அன்று எனக்குத் தொடையில் நரம்பு பிடித்துக்கொண்டது. உலக வரலாறு என் உடம்பில் நேரடியாகப் பட்ட சந்தர்ப்பம் அது.

இதற்கிடையில் அரசாங்கத்தின் பொம்பர், அதுதான் குண்டு போடும் விமானம், நாளாந்தம் வரத் தொடங்கியது. ஊரெல்லாம் பங்கர் என்கிற பதுங்குகுழி வெட்டினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒதுங்க இடம் இல்லை. கொட்டிலின் கூரை கிடுகு. அது மழையையே நூற்றுக்கு ஐம்பது வீதம்தான் தடுக்கும்.

எங்கள் வலிகாமப் பகுதியில் பங்கர் வெட்டுவது லேசான காரியம் இல்லை. மேலே அருமையான செம்மண், கீழே சுண்ணக்கல். ரியூட்டரி வளவில் எங்கே தோண்டினாலும் முழங்காலுக்கு வரமுதல் கல் முட்டியது. ஒரே ஓர் இடத்தில்தான் ஆழமாக மண் இருந்தது. அது கிழக்கு வேலியோரம். வேலிக்கு அந்தப் பக்கம் குணலட்சுமியின் தோட்டம். புருசனை இழந்தவர். வெங்காயமும் மிளகாயும் வைத்து, இரண்டு ஆடும் வளர்த்து, யாருக்கும் பயப்படாமல் சீவித்தவர். அவரே ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"ஐசாக் மாஸ்டர், உங்கடை பக்கமும் என்ரை பக்கமும் மண் நல்லாக் கிடக்கு. ரெண்டு பக்கமும் வெட்டி ஒண்டாக்குங்கோவன். படிக்கிற பிள்ளையளும் இருக்கலாம், நானும் இருக்கலாம்."

பங்கர் நேராக இருக்கக்கூடாது. வாசலில் குண்டு விழுந்தால் அதன் வேகம் நேரே உள்ளே வரும். 'ட' எழுத்துப் போல் ஒரு மூலை திரும்ப வேண்டும். திரும்பத் தெரியாத குண்டுச் சன்னங்கள் மூலைச் சுவரிலேயே நின்றுவிடும். எங்கள் 'ட'னாவின் ஒரு கை ரியூட்டரிப் பக்கம், மற்றக் கை குணலட்சுமியின் பக்கம், மூலை சரியாக வேலிக்குக் கீழே. இதைவிடப் பொருத்தமான வரைபடத்தை நான் என் சீவியத்தில் கீறவில்லை. சாதாரண ஊராக இருந்திருந்தால் இரண்டு நாளில் வெட்டி முடித்திருப்பார்கள். ஆனால் எங்களிடம் ஒரு பீடம் இருந்தது.

"பொறுங்கோ" என்றார் பீடாதிபதி. "இது வெறும் பங்கர் இல்லை. இறைமையுள்ள இரண்டு காணிகளுக்கு இடையிலை வரப்போற முதலாவது நிலக்கீழ் ஏற்பாடு."

'கூட்டு எல்லைப் பாதுகாப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் பீடாதிபதி. உறுப்பினர்கள் ஐசாக் மாஸ்டரும் குணலட்சுமியும். செயலாளர் நான். முதலாவது கூட்டம் வேலியின் இரு பக்கமும் வாங்கு போட்டு நடந்தது. பீடாதிபதி சீன–சோவியத் எல்லையிலிருந்து தொடங்கினார். குணலட்சுமி வெங்காயத்தில் தாள் கிள்ளிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"உதெல்லாம் கிடக்கட்டும். வேலிக்குக் கீழை வெட்டினா, கதியால் சரியாதோ?"

ஐசாக் மாஸ்டர் வாங்கை விட்டு எழும்பினார்.

வெளியூர் வாசகருக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் வேலி உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று தடிகளை வரிசையாக நட்டால் அவை தளிர்த்து நிற்கும். அவைதான் கதியால். அவற்றில் ஓலையை வரிந்து வருடாவருடம் வேலி அடைப்போம். அடைக்கிற வேளையில் கதியால் ஒன்று இரவோடிரவாக ஒரு விரற்கடை அங்காலே நடந்துபோவதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மனிதர்கள் இடம்பெயர்வதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே கதியால்கள் இடம்பெயரத் தொடங்கிவிட்டன. ஐசாக் மாஸ்டரின் தகப்பனார் காலத்தில் அந்த வேலி இரண்டு அடி நடந்துவிட்டது என்பது குணலட்சுமியின் நிலைப்பாடு.

"சரிஞ்சா நானே நட்டுத் தாறன்" என்றார் ஐசாக் மாஸ்டர்.

"நீங்கள் நடுவியள் எண்டதுதானே மாஸ்டர் எனக்குப் பயம்."

"என்ரை ஐயா கர்த்தருக்குப் பயந்த மனுசன்!"

"கர்த்தருக்குப் பயந்தவர்தான். எல்லைக்குப் பயந்தவரோ எண்டு சொல்லுங்கோ."

பீடாதிபதி இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம். ஏழு வருடமாகச் சஞ்சிகையில் மட்டும் பார்த்திருந்த ஒன்று, இதோ, வேலியோரத்தில் வெங்காய மணத்துடன் வந்து நிற்கிறது. அவர் அந்த இடத்திலேயே தீர்வு சொன்னார். இருதரப்பும் தத்தம் பகுதியை வெட்டலாம். வேலிக்கு நேர் கீழே ஒரு முழ மண்ணை வெட்டாமல் விட வேண்டும். எல்லைப் பிரச்சினை தீரும்வரை அந்த ஒரு முழம் 'இடைத்தாங்கி வலயம்'.

அடுத்தது வாசல். இரண்டு வாசல் வைத்தால் இரண்டு கொள்கையாகிவிடும் என்று பீடாதிபதி கண்டார். ஆகவே ஒரே வாசல், குணலட்சுமியின் பக்கம். அங்கே அழகாகப் படி வெட்டினோம். எங்கள் பக்கம் படி தேவையில்லை என்று ஒப்பந்தமே சொல்லியது.

அடுத்தது கூரை. எங்கள் பக்கத்துக்கு ஐசாக் மாஸ்டரின் வளவில் விழுந்து கிடந்த பனங்குற்றிகள் இருந்தன. அடுக்கி, மேலே மண் மூட்டை போட்டோம். காற்றுக்கு ஓர் ஓட்டை விட்டோம். குணலட்சுமியின் பக்கத்துக்குப் பனை தறிக்க வேண்டும். வசதியாக ஒரு பனையும் நின்றது. ஆனால் அது வேலிக்குள்ளேயே நின்றது. அடி எல்லையில், தலை ஐசாக் மாஸ்டரின் பக்கம் சரிவு. ஓலையை வெட்டுகிறவர் குணலட்சுமி, பனங்காய் விழுவது மாஸ்டரின் வளவில். மரம் யாருடையது? பீடாதிபதி மனம் தளராமல் ஓர் உபகுழுவை நியமித்தார்.

இப்படியாக, ஐப்பசி மழைக்குமுன் பங்கர் 'கொள்கையளவில்' பூர்த்தியானது. எங்கள் பாதிக்குக் கூரை உண்டு, இறங்க வழி இல்லை. குணலட்சுமியின் பாதிக்கு இறங்க வழி உண்டு, கூரை இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு முழ மண். இத்தனை நியாயமான காரணங்களோடு வெட்டப்பட்ட பங்கரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சீலா சுற்றிவரப் பார்த்தாள். "சேர், இதிலை ஒரு பக்கம் பத்திரம், ஆனா போக ஏலாது. மற்றப் பக்கம் போகலாம், ஆனா பத்திரமில்லை."

"இது இடைக்கால ஏற்பாடு, பிள்ளை."

"பொம்பருக்கு அது தெரியுமோ சேர்?"

பீடாதிபதி அதை நல்ல கேள்வி என்று பாராட்டினார். பதிலை அடுத்த விரிவுரைக்கு ஒத்திவைத்தார்.

மாரி முடிந்து வெயில் வந்த ஒரு சனிக்கிழமை காலை. கொட்டிலில் முப்பது பிள்ளைகள். பீடாதிபதி 'நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கைகள்' என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். 'நடவடி' வரை வந்திருப்பார். பொம்பரின் சத்தம் கேட்டது. எங்கள் பிள்ளைகளுக்குக் காது அப்போது கூர். அது போகிற சத்தமா, சுற்றுகிற சத்தமா என்று பிரித்துச் சொல்வார்கள். இது சுற்றுகிற சத்தம்.

எல்லோரும் ஓடினோம். வேலியில் ஆள் நுழையும் இடைவெளியான பொட்டுக்குள்ளால் புகுந்து, குணலட்சுமியின் படியில் இறங்கினோம். குணலட்சுமி அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து எங்களுக்குப் பின்னால் இறங்கினார். ஐசாக் மாஸ்டர் வேதாகமச் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு இறங்கினார். பிள்ளைகள் நெருக்கி இருந்தார்கள். தலைக்கு மேலே நீல வானம் அப்படியே திறந்து கிடந்தது. பொம்பர் வட்டமடிப்பதை எல்லோரும் தெளிவாகப் பார்க்கக்கூடியதாக இருந்தது.

பீடாதிபதியைக் காணவில்லை.

"சேர்! டீன் சேர்!" என்று சீலா கூப்பிட்டாள்.

ஒரு முழ மண்ணுக்கு அந்தப் பக்கமிருந்து, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல, அமைதியான குரல் வந்தது. "நான் இங்காலை. பயப்பட வேண்டாம்."

பீடாதிபதி மெலிந்த உடம்புக்காரர். காற்றுக்காக விட்ட ஓட்டைக்குள்ளால் வழுக்கி இறங்கிவிட்டார். வேறு ஒருவரும் நுழைய முடியாத இடம். தலைக்கு மேலே இரண்டு அடுக்குப் பனங்குற்றி.

"சேர்" என்றாள் சீலா, "உங்கடை பக்கம் மண்வெட்டி கிடக்கு. கடைசியா வெட்டின ஆக்கள் அங்கைதான் விட்டவை. நடுச் சுவரை உடையுங்கோ, நாங்கள் வாறம்!"

அங்காலே ஒருமுறை செருமுவது கேட்டது. பிறகு: "பிள்ளை, அது இடைத்தாங்கி வலயம். குழுவின்ரை தீர்மானம் இல்லாமல் ஒருதலைப்பட்சமாகச் செய்ய ஏலாது."

குணலட்சுமி சுவரை அகப்பையால் அடித்தார். "இஞ்சை பாரும் ஐயா, குழு முழுக்க இங்காலைதான் இருக்கு!"

"அப்ப கூட்டம் நடத்தத் தேவையான கூட்டநடப்பெண் இருக்கு" என்றது குரல், கொஞ்சம் தெம்பாக. "அவசரக் கூட்டம் எண்டு எடுத்துக்கொள்ளுவம். செயலாளர் நிக்கிறாரோ?"

"நிக்கிறன்" என்றேன். மறுப்பதற்கு வழியில்லை.

"சென்ற கூட்டறிக்கையை வாசியும்."

"அது மேசையிலை கிடக்கு, சேர்."

"அப்ப வாசிச்சதாக எடுத்துக்கொள்ளுவம். ஆரும் திருத்தம் சொல்லுறியளோ?"

பொம்பர் தாழப் பதிந்து ஒருமுறை போனது. பிள்ளைகளில் யாரோ விம்மத் தொடங்கினார்கள். குணலட்சுமி அகப்பையால் மண்ணைக் கிண்டத் தொடங்கினார். சீலா கோடு கீறுகிற அடிமட்டத்தை எடுத்தாள். மற்றவர்கள் வட்டம் கீறுகிற கவராயம், பாகைமானி என்று கேத்திரகணிதப் பெட்டி முழுவதையும் எடுத்தார்கள். செம்மண் இறுகிப் போயிருந்தது. ஐசாக் மாஸ்டர் சங்கீதத்தை நிறுத்திவிட்டுக் கத்தினார்:

"நான் முன்மொழியிறன்! சுவரை உடைக்க வேணும்!"

"வழிமொழிகிறவர்?"

"நான்தான்! வெட்டும் ஐயா, வெட்டும்!" குணலட்சுமி கிண்டியபடியே கத்தினார்.

"எல்லைக்குப் பங்கம் இல்லாமல் எண்ட வாசகத்தையும் சேர்ப்பமோ, அக்கா? நாளைக்குப் பிரச்சினை வரக்கூடாது பாருங்கோ."

"எல்லை நாசமாப் போக!"

"அதைத் திருத்தமாக எடுக்கவோ, கருத்தாக எடுக்கவோ?"

சீலா என்னைப் பார்த்தாள். அவள் முகம் முழுக்கச் செம்மண். "மாஸ்டர், உவர் உண்மையாத்தான் கேக்கிறாரோ?"

உண்மையாகத்தான் கேட்டார். அதில் கள்ளம் எதுவும் இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் கையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். தீர்மானம் நிறைவேறிய மறுகணம் வெட்டுவதற்கு முழு ஆயத்தமாக இருந்தார். "வாக்கெடுப்புக்கு விடுகிறேன்" என்று தொடங்கினார்.

முதற் குண்டு சந்திக்கு அப்பால் வாழைத்தோட்டத்தில் விழுந்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. அகப்பையும் கவராயமும் பாதி தின்றிருந்த அந்த ஒரு முழ மண் பொறுமையிழந்து, பொலபொலவென்று பீடாதிபதியின் பக்கமே விழுந்தது. தூசிக்குள் ஒருவர் மேல் ஒருவராக எல்லோரும் கூரைக்குக் கீழே விழுந்தோம். எல்லோருக்கும் கீழே பீடாதிபதி.

இரண்டாவது குண்டு குணலட்சுமியின் வெங்காயப் பாத்திக்குள் விழுந்தது.

பொம்பர் போன பிறகு வெளியே வந்து பார்த்தோம். நாங்கள் முதலில் இருந்த பாதியில் கல்லும் கட்டி மண்ணும் இடுப்பளவுக்கு நிறைந்து கிடந்தன. சீலா இருந்த படியில் குண்டின் ஓர் இரும்புத் துண்டு ஏறி நின்றது. இன்னும் சூடாக இருந்தது. அவள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலியைக் காணவில்லை. கதியால், ஓலை, உபகுழு விசாரித்துக்கொண்டிருந்த பனை, ஒன்றையும் காணவில்லை. எல்லை எங்கே போனது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. ஐசாக் மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். குணலட்சுமி ஐசாக் மாஸ்டரைப் பார்த்தார்.

"அடைக்கப் போறியளோ, மாஸ்டர்?"

"இதிலை ஒரு பொட்டு விடுவம். பிள்ளையள் ஓடிவர வசதி."

"விட்டா நாளைக்கு வழியுரிமை ஆயிடும்."

"ஆகட்டுமன்."

அவ்வளவுதான். எல்லைப் பிரச்சினை தீர்ந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிய பீடாதிபதி, "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று பதியும்" என்றார். நான் பதிந்தேன். தீர்மானிக்கும் வாக்கை அளித்தவர் எந்த உயரத்தில் பறந்தார் என்பதை மட்டும் பதியவில்லை.

இந்த அனுபவத்தைப் பீடாதிபதி வீணாக்கவில்லை. ஒரு மாரி காலம் முழுக்கப் போத்தல் விளக்கில் இருந்து ஒரு கட்டுரை எழுதினார்: 'நிலக்கீழ் இணக்கம்: எல்லைதாண்டிய பாதுகாப்புக்கு வலிகாமம் தரும் முன்மாதிரி'. அதிலே 'இருதரப்பு நம்பிக்கை படிப்படியாக வளர்ந்தது' என்று ஒரு வசனம் வரும். எனக்குப் பிடித்த வசனம். பனி விழுகிற ஒரு நாட்டின் ஆய்வு நிறுவனம் அதைப் படித்துப் பரவசப்பட்டது. நேரில் வந்து பேசும்படி அழைத்தது.

பிரியாவிடைக் கூட்டத்தில் குணலட்சுமி அவருக்கு ஒரு கடதாசிச் சரையில், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல் கட்டிக் கொடுத்தார். "அங்கை போய் எங்களைப் பற்றியும் ஒரு வாய் சொல்லும், ஐயா."

"உலகம் கேக்கும், அக்கா. நான் கேக்கப் பண்ணுவன்" என்றார் பீடாதிபதி. அவருக்குக் கண் கலங்கியது. அதுவும் உண்மையாகத்தான். மறுநாள் குடாநாட்டை விட்டு வெளியேறக் கிளாலி நீரேரியில் வள்ளம் ஏறினார். அந்தப் பழைய சஞ்சிகைப் பெட்டியையும் மறக்காமல் கொண்டுபோனார்.

போனவர் திரும்பவில்லை. பேச வந்தவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே மெய்யான பீடம், மெய்யான பீடாதிபதிக் கதிரை, நாலு காலும் ஒரே உயரம். மருதனார்மடத்தில் தொடங்கிய ஒருவர் உலகத்தின் பாதுகாப்பையே மேசைமேல் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு உயர்ந்துவிட்டார். நாங்கள் பெருமைப்பட்டோம். சீலா இப்போது எங்கள் ரியூட்டரியிலேயே அரசறிவியல் படிப்பிக்கிறாள். 'தடுப்புக் கோட்பாடு' வரும்போது அவளுடைய வகுப்பில் மட்டும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. சமாதானப் பேச்சு முறிந்து பொம்பர் மறுபடி வரத் தொடங்கிய ஆடி மாதம். ஒரு பின்னேரம் வானொலியில் எங்கள் பீடாதிபதியின் பேட்டி என்று கேள்விப்பட்டு எல்லோரும் கூடினோம். மறுபடி வெட்டித் திருத்திய பங்கரின் வாசலில் சைக்கிளை நிறுத்தி நான் மிதித்தேன். ஐசாக் மாஸ்டரும் குணலட்சுமியும் சீலாவும் ரேடியோவைச் சுற்றி இருந்தார்கள். அதே குரல். கொஞ்சம் சளித் தடிமன் பிடித்திருந்தது.

"உங்கள் ஊரில் இப்போது குண்டு விழுகிறது. உலகம் என்ன செய்யப்போகிறது?" என்று கேட்டார் செய்தியாளர்.

"சர்வதேசச் சமூகம் ஆழ்ந்த கரிசனையுடன் கவனித்துக்கொண்டிருக்கிறது" என்றார் பீடாதிபதி. "ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் நடைமுறைகளை நாங்கள் மதிக்க வேண்டும். சென்ற கூட்டத்தின் அறிக்கை உறுதிசெய்யப்பட்ட பின்னர்..."

"மாஸ்டர்" என்றார் குணலட்சுமி என்னிடம். "உவரிட்டை ஒண்டு கேளுங்கோ."

நான் பொறுமையாக விளக்கினேன். "ரேடியோவிலை திருப்பிக் கேக்க ஏலாது, அக்கா. அவை கதைப்பினம், நாங்கள் கேப்பம். அது அப்பிடித்தான் வேலை செய்யிறது."

"ஓம், அண்டைக்கும் அது அப்பிடித்தானே வேலை செய்தது" என்றார் குணலட்சுமி. "வேறையொண்டுமில்லை. அங்கை மண்வெட்டி ஆரின்ரை கையிலை கிடக்கெண்டு கேக்கத்தான்."

சீலா திடீரென்று கையை உயர்த்தினாள். "மாஸ்டர், மிதிக்கிறதை நிப்பாட்டுங்கோ. ரேடியோச் சத்தத்திலை பொம்பர் சத்தம் விளங்குதில்லை."

நான் நிறுத்தினேன். சர்வதேசப் பாதுகாப்பு கரகரத்தது, தேய்ந்தது, நின்றது. அதற்குப் பிறகுதான் வானம் தெளிவாகக் கேட்டது. சுற்றுகிற சத்தம். எல்லோரும் உள்ளே இறங்கினோம். மண்வெட்டியை இந்தமுறை எங்கள் பக்கம் வைத்திருந்தோம்.